கருவுற்றாளுக்கு அபயம்

'கருவிலே திருவுடையார்' என்பது தமிழ் வழக்கு. அத்திரு கருவை அடையும் வழியைப் பிரகலாதன் வரலாறு காட்டும்.

இரணியன் தவம் புரிய மந்தர மலைக்குச் சென்றிருந்த காலத்தே தேவர்கள் அசுரரைத் தாக்கினர். சூல் கொண்டிருந்த அவன் மனைவி கயாதுவை இந்திரன் கவர்ந்து சென்றான். அஞ்சி அலறிய அவளை, வழியில் எதிர்ப்பட்ட நாரதர் மீட்டார். தம் ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்று, கணவன் திரும்புங்காறும் அங்கேயே தங்குமாறு தேற்றினார். அச்சம் நீங்கி அவள் வாழ்ந்த அந்நாளில் அறமும் ஞானமும் உபதேசித்தார். நாளடைவில் அன்னை அவற்றை மறந்தாள். கருவிலிருந்து கேட்ட மகன் மறந்திலன் என்கிறது பாகவதம்.

இங்கு நுண்ணிதின் உணரத்தக்கது ஒன்றுண்டு. முனிவர் முதற்கண் அளித்தது உபதேசம் அன்று, அபயம். அஞ்சிய உள்ளத்தில் அறிவுரை தங்காது.

இன்றைய மருத்துவ நூலும் இதற்கு இயைந்தே பேசுகிறது. அச்சமும் கவலையும் மிகும்போது தாயின் குருதியில் 'கார்ட்டிசால்' என்னும் சுரப்பு பெருகும். அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி தடுத்துவிடும். எனினும் ஒரு பகுதி சிசுவைச் சென்றடையும். நெடுநாள் தீராத மனத்துயர், குறைமாதப் பேற்றுக்கும் எடை குறைந்த பிறப்புக்கும் வாய்ப்பை மிகுவிக்கும். ஆறாம் திங்கள் அளவில் சிசு ஒலியை உணரத் தொடங்கும். தாயின் குரலே அதற்கு மிக அணுக்கமான குரல்.

இதனைக் கேட்டுத் தாய்மார் அஞ்சுதல் வேண்டா. கயாது அஞ்சியது அவள் பிழையன்று. அஞ்சிய சில நாளால் அவள் கருவுக்குக் கேடும் நேர்ந்திலது. பின்னர்க் கிடைத்த ஆதரவே அக்கருவை வளர்த்தது.

ஆதலின் கடமை இல்லத்தாருக்கே உரியது. கணவன் கடுஞ்சொல் தவிர்க்க. மாமியார் மகவு ஆணோ பெண்ணோ என வினவாதொழிக. வேலைச் சுமையைப் பிறர் பகிர்க. வளைகாப்பன்று மட்டும் காட்டும் பரிவு பத்துத் திங்களும் நீளுக. உறக்கமின்மை, ஓயாத அழுகை, உயிரை வெறுத்த பேச்சு ஆகியன தோன்றின், நாணாது மருத்துவரை நாடுக. கருவுற்ற மகளிருள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் மனநலக் குறைக்கு ஆளாகின்றனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். வழிபாடும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல.

சூலின் அயர்ச்சியால் விருந்தோம்ப இயலாத வேதிகையை ஒரு முனிவர் சபித்தார். அவள் கருவைக் குடத்திலிட்டுக் காத்தாள் திருக்கருகாவூர் அன்னை. சபிப்பாராக அன்றிக் காப்பாராக நிற்றலே கர்ப்பரட்சாம்பிகைக்கு நாம் செய்யும் மெய்வழிபாடாகும்.