ஷவர் தண்ணி ஏன் சுடலை? (ஒரு வெப்பக் கணக்கு)



மார்கழி வந்தால் நம்ம சோரியாங்குப்பத்தில் விடியற்காலைப் பனி சும்மா விடாது. மாடி டேங்க் தண்ணி ராத்திரியே குளிர்ந்துவிடும். கீசர் போட்டாலும் ஷவரில் வெதுவெதுன்னுதான் வரும். உடனே "கீசர் போச்சு, புதுசு வாங்கணும்" என்பார்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் போடுவோம்.

பாடத்தில் படித்தது: 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க சுமார் 4200 ஜூல் வெப்பம் தேவை. போட்டவுடன் சுடும் சின்ன கீசர் பெரும்பாலும் 3000 வாட். அதாவது நிமிடத்துக்கு 1,80,000 ஜூல்.

1,80,000 ÷ 4200 = 43 (சுமார்)

நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 43 டிகிரி ஏறும். 5 லிட்டர் ஓடினால் அந்த 43-ஐ ஐந்து பங்கு போடணும். அவ்வளவுதான் விஷயம்!

நான் அளந்தது: எங்க ஆயாவுக்கு முட்டி வலி, தினமும் வெந்நீர் வேணும். அதனால் வாளியும் கடிகாரமும் வைத்துப் பார்த்தேன். டேங்க் தண்ணி 26 டிகிரி.

* முழுக்கத் திறந்தால் 10 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிறைந்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர். கணக்குப்படி 26 + 8.6 = 34.6 டிகிரி. நம் உடம்புச் சூடே 37. அப்புறம் குளிராம என்ன செய்யும்?
* குழாயைக் குறைத்தால் வாளி நிறைய 4 நிமிடம். நிமிடத்துக்கு 2.5 லிட்டர். 26 + 17 = 43 டிகிரி. நல்ல சூடு! செலவு ஒரு பைசா இல்லை.

கரண்ட் குறைந்தால்: 230 வோல்ட்டுக்குப் பதில் 184 வோல்ட் வந்தால் அது 0.8 பங்கு. ஆனால் சக்தி 0.8 × 0.8 = 0.64 பங்காகிவிடும். 3000 வாட் கீசர் 1920 வாட்தான் தரும். குறைந்தது கரண்ட், பழி கீசருக்கு!

உப்புத் தண்ணி: போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, சூடானதும் வெள்ளையாகக் காயிலில் படியும். காயிலின் சூடு தண்ணிக்குச் சரியாகப் போகாது. காயில் அதிகமாகச் சூடாகி சீக்கிரம் எரிந்துபோகும். எலக்ட்ரீசியனை வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லணும்.

எச்சரிக்கை! கீசரை நாமே கழற்றக் கூடாது. தண்ணியில் லேசாக 'சுர்'ருன்னு ஷாக் அடித்தாலும் குழாயைத் தொடாமல் வெளியே வந்து, மெயினை அணைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்க. எர்த் ஒயர் இல்லாத கீசர் உயிருக்கே ஆபத்து. சூடு போதலைன்னு வாளியில் ஹீட்டர் ராடு போட்டுக்கொண்டே குளிக்கவும் கூடாது.

சிந்திக்க: 25 டிகிரி தண்ணி 40 டிகிரி ஆகணும். 3000 வாட் கீசரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடலாம்? விடையைக் கண்டுபிடித்து, இன்று உங்க வீட்டு வாளியிலும் அளந்து பாருங்க!