உருகும் நெய்யில் ஒரு வெற்றிலை

மே மாதம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அடுப்படியில் வைத்த எண்ணெயும் நெய்யும் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். காற்றும் சூடும் வெளிச்சமும் சேர்ந்து கொழுப்பைக் கெடுப்பதுதான் காரணம். அதைத் தள்ளிப்போடும் ஆன்டிஆக்சிடன்ட், மாடித் தொட்டியில் வளரும் இலைகளின் வாசத்திலேயே இருக்கிறது.

1. வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும் சமயத்தில், ஈரம் துடைத்த வெற்றிலை ஒன்றைக் கிள்ளிப் போடுங்கள். இலை சுருண்டு, ஓரம் மொறுமொறுப்பானதும் இறக்கி வடிகட்டுங்கள். வெற்றிலை வாசத்தில் யூஜினால் இருக்கிறது. கிராம்பு மணப்பதும், துளசியில் கிராம்பு வாடை வீசுவதும் அதனால்தான். கொழுப்பு சங்கிலி போலக் கெடும்: கெட்ட மூலக்கூறு ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். யூஜினால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுகிறது. நம் பாட்டிமார் போடும் முருங்கைக்கீரையும் நல்லதே. ஆனால் அது நெய்யைக் காப்பது வாசத்தால் அல்ல, இலையிலுள்ள வேறு சத்துகளால்.

2. கறிவேப்பிலை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அவை இலையின் வாசத்தைத் தாங்கும் எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை இலையிலும் இப்படித்தான். இரண்டும் ஒரே குடும்பம்.

3. தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை போடுகிறவர்கள், இலையின் ஈரம் முழுக்கப் போகும்வரை சிறு தீயில் காய்ச்சுங்கள். ஈரம் தங்கினால் எண்ணெய் கெட்டுவிடும்.

4. இலையை வெயிலில் காய வைக்காதீர்கள். பச்சை நிறத்தோடு வாசமும் பறந்துவிடும். மெயின் ரோட்டோரம் குடியிருந்தால் லாரிப் புழுதியும் படியும். அலசி, துணியில் பரப்பி, வீட்டுக்குள் ஃபேன் காற்றில் உலர்த்தினால் போதும்.

5. இலை வாசத்தைப் பிரித்தெடுத்த எசென்ஷியல் ஆயில் வாங்கினால் கறுத்த கண்ணாடிச் சீசாவில் வாங்கி, மூடியை இறுக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பிற எண்ணெயைக் காக்கும் இதுவும் காற்றுப் பட்டால் கெடும். கெட்டதைத் தோலில் தடவினால் அரிப்பும் தடிப்பும் வரலாம். வாசம் மாறிய சீசாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல எண்ணெயையும் அப்படியே தடவாமல், தேங்காயெண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்தே தடவ வேண்டும்.

6. இதை மறக்காதீர்கள்: நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் இரண்டும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைக்குழந்தையின் மூக்கருகில் எந்தத் தைலமும் தடவ வேண்டாம்.

7. ஆய்வுக்கூடத்தில் டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் இலை எண்ணெயை விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். ஆன்டிஆக்சிடன்ட் இருப்பதற்கு அது அடையாளம். சோதனைக் குழாயில் நிறம் மாறுவதாலேயே உடம்பில் நோய் தீரும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு அவர்கள் விற்கும் சொட்டு மருந்தைக் குடிக்காதீர்கள்.

8. இடமில்லாத ஃபிளாட் வீட்டுக்கு ஓமவல்லி போதும். கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு நல்ல ஆன்டிஆக்சிடன்டுகள் அதன் எண்ணெயில் உண்டு. நான்கு விரல் நீளக் கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் செருகுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். துளிர் விட்டதும் ஓர் இலையை மெதுவாகத் தடவிப் பாருங்கள், விரலெல்லாம் ஓமம் மணக்கும்.