எல்லை தாண்டினாலும் சட்டம் கூட வரும்

போடிநாயக்கனூர்ப் பெண் பூப்பாறையில் வாழ்க்கைப்படுகிறாள். பொள்ளாச்சிப் பெண் கொழிஞ்சாம்பாறைக்கு மருமகளாகப் போகிறாள். தாய் வீடு தமிழ்நாடு. புகுந்த வீடு கேரளம். இடுக்கி, பாலக்காடு எல்லையில் இது வழக்கம்தான்.

புகுந்த வீட்டில் அடி, உதை. பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வருகிறாள்.

"கேஸ் கொடுக்கணும்னா அந்த ஊருக்குத்தான் போகணும்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அவள் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறாள்.

அக்கம்பக்கத்தார் சொல்வது சரியா? சரியல்ல.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் ஒரு சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. பெண் இப்போது தங்கியிருக்கும் ஊர் எதுவோ, அந்த ஊருக்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் கொடுக்கலாம். புகுந்த ஊரிலும் கொடுக்கலாம். கோர்ட் போடும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும்.

எது வன்முறை?

அடிப்பது மட்டும் அல்ல. இவையும் வன்முறைதான்:

- வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துவது
- கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது
- விருப்பம் இல்லாத பெண்ணை உடலுறவுக்கு வற்புறுத்துவது
- அவள் கூலியைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது

கோர்ட் என்ன செய்யும்?

"இனி அடிக்கக் கூடாது" என்று உத்தரவு போடலாம். வீடு கணவன் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ளக் கூடாது என்று சொல்லலாம். செலவுக்குப் பணம் தரச் சொல்லலாம். பிள்ளைகளை அவளிடம் ஒப்படைக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் பார்ப்பதில்லை.

யாரிடம் சொல்வது?

பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லலாம். பக்கத்து லயத்தில் இருப்பவரும் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

குழந்தையிடம் ஒருவன் தவறாக நடந்தால், அது தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. குழந்தையின் பெயரை ஊரில் பரப்பக் கூடாது. அதுவும் குற்றம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு மாநிலத்திலும் இவையே:

பெண்களுக்கு: 181
குழந்தைகளுக்கு: 1098
அவசரத்துக்கு: 112

பேசும்போது முதலில் மாவட்டத்தையும் ஊரையும் சொல்லுங்கள்.

மனு எழுதிப் பழகுவோம்

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில், அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. நமக்கு எழுதத் தெரியும். பிறகு ஏன் தயக்கம்?

பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,
வணக்கம். என் பெயர் ............
என் கணவர் ............ தேதி என்னை அடித்தார்.
நானும் பிள்ளைகளும் இப்போது ............ ஊரில் தங்கியிருக்கிறோம்.
எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்.
இப்படிக்கு, ............

சிந்தித்துப் பேசுவோம்

1. தாய் வீட்டில் இருந்துகொண்டே மனு கொடுக்க முடியுமா?
2. அடிக்காமலே செய்யும் வன்முறைகள் எவை?
3. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா அழும் சத்தம் கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?