மாமல்லபுரத்தில் முருகன் எங்கே? ஒரு நாள் நடைப் பாடம்

ஓம் சரவணபவ!

இன்றைய பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம். நல்ல செருப்பு ஒரு ஜோடி, தண்ணீர் பாட்டில், ஒரு முழு நாள், இவ்வளவு போதும்.

நம்ம ராஜகுளம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஸ்கூல் டூரில் மாமல்லபுரம் போயிருப்போம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால தாங்குற மாதிரி ஒரு போட்டோ, கடற்கரையில் ஒரு போட்டோ, அப்புறம் பஸ். "அங்க முருகன் இருக்காரா?" என்று யாராவது கேட்டால் "அது சிவன், பெருமாள் ஊருப்பா" என்றுதான் சொல்வோம். ஆனால் அந்த ஊரில் முருகன் ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில் இருக்கிறார். அவசரமாகப் போனால் கண்ணில் படமாட்டார். நடந்து தேடினால் காட்சி தருவார்.

எப்படிப் போவது?

செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் பிடிக்கலாம். விடியற்காலையில் கிளம்புங்க. பத்து மணிக்கு மேல் பாறை சுடும், கூட்டமும் சேரும்.

பஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஸ்தலசயனப் பெருமாள் கோயில். அதுதான் ஊரின் நடு. அதற்கு மேற்கே குன்றும் குகைகளும், கிழக்கே கடற்கரைக் கோயில், தெற்கே ஐந்து ரதம். எல்லாமே நடக்கும் தூரம்தான். ஐந்து ரதம் மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் போல வரும். பல்லவர் செதுக்கிய இந்த ஊரை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பெரும்பகுதியை ஆட்டோ இல்லாமலே பார்த்துவிடலாம்.

முதல் காட்சி: பிரம்ம சாஸ்தா

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் அர்ச்சுனன் தபசு. அதைப் பார்த்துவிட்டு வடக்கே நடங்க. கணேச ரதம், வெண்ணெய் உருண்டை எல்லாம் தாண்டி, குன்றின் வடக்குக் கோடியில் திரிமூர்த்தி மண்டபம் வரும். மூன்று சிறு கருவறைகள். நடுவில் சிவன், ஒரு பக்கம் திருமால். இன்னொரு பக்கம் இருப்பவர் யார்?

"மும்மூர்த்தி என்றால் அது பிரம்மாதானே" என்று பலரும் கடந்து போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்க. பிரம்மாவுக்கு நான்கு முகம். இவருக்கு ஒரே முகம். மார்பின் குறுக்கே மாலை, போர் வீரன் அணிவது போல. இவர் பிரம்ம சாஸ்தா கோலத்தில் இருக்கும் முருகன் என்று சிற்ப அறிஞர்கள் சொல்கிறார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாமல் விழித்த பிரம்மாவைச் சிறையில் வைத்து, படைப்புத் தொழிலை முருகனே ஏற்றார். அந்தக் கோலம்தான் இது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் மூலவரை நன்றாகப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஜபமாலையும் கமண்டலமும் ஏந்தி அங்கே இருப்பவரும் பிரம்ம சாஸ்தாதான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய கோயில் அது. நம்ம ஊர்க் கோயிலில் கும்பிட்டவரையே கடற்கரை ஊரின் குகையிலும் அடையாளம் கண்டுகொள்வது எப்படிப்பட்ட சந்தோஷம்! வெறும் பெயர்ப் பலகையைப் படித்தால் அது கிடைக்காது.

இரண்டாம் காட்சி: அம்மா மடியில் குழந்தை

இனி குன்றின் மேலேயே தெற்கே நடந்து, கலங்கரை விளக்கம் பக்கம் வாங்க. அங்கே மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் போர் புரியும் துர்க்கை, எதிர்ச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் திருமால். எல்லோரும் இந்த இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் நடுக் கருவறையின் பின்சுவரைப் பாருங்க.

சிவன், பக்கத்தில் உமை, உமையின் மடியில் ஒரு சின்னக் குழந்தை. அதுதான் நம்ம கந்தன். இந்தக் கோலத்துக்குச் சோமாஸ்கந்தர் என்று பெயர். ச + உமா + ஸ்கந்தர், அதாவது உமையோடும் கந்தனோடும் கூடியவர். பல்லவர்களுக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. அவர்கள் எடுத்த பல சிவன் கோயில்களில் கருவறைப் பின்சுவரில் இதைச் செதுக்கி வைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு கடற்கரைக் கோயிலுக்குப் போங்க. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கோயில் அது. அலைச் சத்தம் கேட்கிற அந்தக் கருவறைகளிலும் சோமாஸ்கந்தர் இருக்கிறார். உப்புக் காற்று முகத்தைத் தேய்த்திருக்கும். ஆனாலும் அம்மா மடியில் உட்கார்ந்த அந்த உருவம் தெரியும். 1300 வருஷமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை.

மூன்றாம் காட்சி: மணலுக்குள் இருந்த கோயில்

இப்போது ஊரை விட்டு வெளியே போகணும். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போல, சாளுவன்குப்பம். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை இங்கேதான் இருக்கிறது. வெயிலில் நடக்க வேண்டாம், பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிங்க. புலிக்குகையில் பலர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே நடங்க.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி நம் கடற்கரையில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்க. அதே அலை இந்த இடத்தில் ஒரு பாறையைச் சுற்றியிருந்த மணலையும் அரித்துவிட்டது. பாறையில் கல்வெட்டு இருந்தது. திருவிழிச்சில் என்ற ஊரில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததை அது சொன்னது. சாளுவன்குப்பத்தின் பழைய பெயர்தான் திருவிழிச்சில். அப்படியானால் அந்தக் கோயில் எங்கே?

2005-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. முதலில் பல்லவர் காலக் கற்கோயிலின் பகுதிகளும், கல்வெட்டு உள்ள தூண்களும் வெளிவந்தன. இன்னும் தோண்டினால், அதற்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில்! வடக்குப் பார்த்த வாசல். கல்லில் செய்த வேல் ஒன்றும் கிடைத்தது. குரவைக் கூத்து ஆடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகையும் கிடைத்தது. பூம்புகார், உறையூர் போன்ற இடங்களில் கிடைத்ததைப் போன்ற பெரிய செங்கற்கள் என்பதால், கீழே உள்ளது சங்க காலக் கோயில் என்று அகழ்ந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் கொந்தளிப்பில் அது அழிந்திருக்கலாம், அதன் மேல்தான் பல்லவர் காலத்தில் மறுபடி கட்டினார்கள் என்பதும் அவர்கள் கருத்து.

இங்கே ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் "ஐயாயிரம் வருஷக் கோயில்", "உலகின் முதல் கோயில்" என்றெல்லாம் ஃபார்வர்டு வரும். அதை அப்படியே தள்ளிவிடாதீங்க. தமிழ்நாட்டில் இதுவரை வெளிப்பட்ட மிகப் பழைய முருகன் கோயில் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதுவே போதாதா? முருகன் பெருமைக்குப் பொய் துணை வேண்டாம்.

விளக்கு அணைந்தது, எழுத்து அணையவில்லை

இந்தப் பாடத்தில் மனசில் வைக்க வேண்டியது இதுதான். அந்தத் தூண்களில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? போர் வெற்றியோ அரண்மனைக் கதையோ இல்லை. விளக்கு எரியப் பொன் கொடுத்தவர்களின் கணக்கு. ஒருவர் கார்த்திகைத் திருவிழாவுக்காக 10 கழஞ்சு பொன் கொடுத்திருக்கிறார். ஒரு பெண் அடியார் விளக்கெரிக்கப் பொன் வைத்திருக்கிறார். இப்படித் தருமம் செய்கிறவர்கள் "சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்கட்டும்" என்று கல்லில் வெட்டிவைப்பது அந்தக் கால வழக்கம்.

ஆனால் விளக்கு ஒரு நாள் அணைந்துவிட்டது. கோயிலை மணல் மூடியது. ஊரின் பெயர் மாறியது. மேலே நடந்து போன ஜனங்களுக்கே கீழே முருகன் வாசல் இருப்பது தெரியாது. எழுதிவைத்த நாலு வரிதான் அவரை மறுபடி காட்டிக்கொடுத்தது.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பதால்தான் பராந்தகச் சோழன் காலத்துத் தேர்தல் முறை நமக்குத் தெரிகிறது. அதே மாதிரிதான் இதுவும். அதனால் உங்கள் ஊர்ச் சின்ன முருகன் கோயிலிலும் தூண், படி, தரை எங்காவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்க. திருப்பணி நடக்கும்போது அதன் மேல் பெயின்ட் அடிக்கவோ டைல்ஸ் ஒட்டவோ விடாதீங்க. பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்க. தலபுராணமும் திருவிழா முறையும் தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்க. இதுவும் விளக்கு ஏற்றுவதுதான்.

சாளுவன்குப்பத்தில் இன்று விமானம் இல்லை, பூசை இல்லை, செங்கல் அடித்தளம்தான் இருக்கிறது. அங்கே சூடம் ஏற்றாதீங்க, கல்லில் குங்குமம் விபூதி பூசாதீங்க, செங்கல் மேல் ஏறாதீங்க. கைகூப்பி நின்று ஆறெழுத்தை மனசுக்குள் சொன்னால் போதும்.

நிறைவு: திருப்போரூர்

நாளை இங்கேயே முடிக்க வேண்டாம். மாலையில் பஸ் பிடித்துத் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போங்க. திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் வானத்திலும் முருகன் அசுரரோடு போரிட்டார் என்பது ஐதீகம். அங்கேயும் கோயில் மறைந்து, பனங்காட்டுக்குள் இருந்த மூர்த்தியைச் சிதம்பர சுவாமிகள் கண்டெடுத்து மறுபடி எழுப்பினார் என்று தலவரலாறு சொல்கிறது. திருப்போரூர்ச் சந்நிதிமுறை பாடியவரும் அவரே.

காலையில் கல்லில் பார்த்தோம், மதியம் மணலில் பார்த்தோம். சாயங்காலம் தீபாராதனையில் கண்ணாரப் பார்க்கலாம். அந்தத் தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, கார்த்திகைக்குப் பொன் கொடுத்த அந்த அடியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்க.

போய் வந்தவர்கள் நண்பர்களுக்கும் வழி சொல்லுங்க. குடும்பத்தோடு போகிறவர்கள் பெரியவர்களுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!