நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியா?

"செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை" என்று பெருமையோடு சொல்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொட்டி நிரம்பவில்லை என்றால் கொத்தனார் கெட்டிக்காரர் என்பது நம்பிக்கை. உண்மையில் அது கவலைப்பட வேண்டிய செய்தி.

முறையாகக் கட்டிய தொட்டிக்கு அடித்தளமும் சுவர்களும் பூசப்பட்டிருக்கும். சொட்டு நீர் கசியாது. மலம் அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் மட்டும் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போகும். நுண்ணுயிரிகள் கசடில் ஒரு பகுதியைத்தான் செரிக்கும். மிச்சம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வரும். அதனால்தான் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கின்றன அரசு வழிகாட்டுதல்கள். இருபது ஆண்டாக நிரம்பவில்லையா? அப்படியானால் அடி பூசாமல் சிமெண்ட் உறைகளை இறக்கிவிட்ட வெறும் குழியாக இருக்கலாம். இல்லையென்றால் கசடு நீரோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் அது போய்ச் சேர்வது மண்ணுக்குள். அதே மனையில், சில அடி தள்ளித்தான் நம் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்பார்கள். நைட்ரேட்டும் கிருமியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தயிர், வெல்லம், ஈஸ்ட், கடையில் விற்கும் பொடி எதையாவது போட்டால் கசடு கரைந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. தேவையான நுண்ணுயிரிகள் மலத்தோடு தினமும் தாமாகவே வந்து சேர்கின்றன. பொடி போட்டவரும் லாரியைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

வழியும் நீரைத் தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வேறு வேறு. சென்னையில் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகால் நீர் அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும்.

உயிரைப் பறிக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: "மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் ஆச்சு, வாடையும் இல்லை, இறங்கலாம்." தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். வாடை தெரியாமல் போவதே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னும் மோசம். உள்ளே மீத்தேன் இருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுந்து சாவது திரும்பத் திரும்ப நடக்கிறது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். இப்படி நேரும் மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஒருவர்கூட இறங்கத் தேவையில்லாத வேலைக்கு இன்னும் உயிர்கள் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக, எப்போது எடுப்பது, லாரி எங்கே கொட்டுகிறது என்பதெல்லாம் வீட்டுக்காரர், லாரிக்காரர் இருவருக்குள் முடிகிற விஷயம் என்ற எண்ணம். தமிழக அரசு 2014லேயே கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. லாரிகளுக்கு இப்போது உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். திருச்சியில் அவை கொட்டுவதற்கென்றே கழிவுநீரேற்று நிலையங்களில் இடம் உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி பேரூராட்சியில் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் தொட்டி பொங்கினால்தான் லாரிக்கு அழைப்பு போகிறது. மகாராஷ்டிரத்தின் வாய் நகராட்சி இதை மாற்றிக் காட்டியது. அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, முறை வைத்து, நகராட்சி ஏற்பாடு செய்த லாரியே வீடு தேடி வரும். செலவுக்குத் துப்புரவு வரி. சாலை போடச் சொல்லி மனுக் கொடுக்கும் நாம், நம் நகர்மன்றத்திலும் இப்படியொரு தீர்மானம் வர வேண்டும் என்று வார்டு உறுப்பினரிடம் கேட்கலாம். அதற்கு முன், கார் நிறுத்துமிடத்தில் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்ட தொட்டி மூடியைத் திறக்கும்படி செய்து வைக்க வேண்டும்.