பூச்சு உரியாமல் இருக்க சில குறிப்புகள்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் 725 மீட்டர் உயரத்தில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் அகல ஆடி இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆடியின் முகத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி இல்லை, அதன்மேல் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் பூச்சு. அடிவாரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வெற்றிடக் கலமாக இருப்பது பன்னிரண்டு அங்குல பெல் ஜார். அதில் பிள்ளைகள் செய்யும் தொலைநோக்கிகளுக்கு அலுமினியம் பூசுகிறோம். சில வருஷமாக, நியூட்ரான் எண்ணும் கருவிக்காகப் போரான் கார்பைடும் பூசுகிறோம். செலவு குறைந்ததும், வேலை சுலபமானதும், கைப்பழக்கத்தில் தெரிந்ததும் இங்கே. உங்கள் ஆய்வகத்துக்கும் உதவும், தோழிகளே, தோழர்களே.

1. கழுவி எடுத்த கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே திரையாக இறங்கினால் சுத்தம். வாழை இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

2. காய்ந்த பிறகு இன்னொரு சோதனை. கண்ணாடிமேல் மெதுவாக ஊதிப் பாருங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து சீராக மறைய வேண்டும். விரல் பட்ட இடம், துணி இழுத்த கோடு எல்லாம் அந்த ஆவியில் காட்டிக்கொடுத்துவிடும். காசே ஆகாத சோதனை இது.

3. கடைசி அலசுக்குப் போர்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர் இருந்தால் எட்டு அங்குல ஆடிக்குத் தாராளம். முதல் அலசல்களைக் குழாயடியில் முடித்துவிட்டு, இதைக் கடைசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பழைய அலுமினியத்தை எடுக்க காஸ்டிக் சோடாக் கரைசல் போதும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் தலையில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பூச்சு கரையும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். பூச்சு போனதும் உடனே அலசிவிடுங்கள். ஊறவைத்தால் காஸ்டிக் கண்ணாடியையே அரிக்கத் தொடங்கும்.

5. ஆய்வகத்துக்குள் நுழையும்போதே தலைக்குத் துணித் தொப்பி, கைக்குப் பவுடர் போடாத உறை. ஒருமுறை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிய அதே உறையோடு நான் ஆடியின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். அன்று பளபளவென்றுதான் இருந்தது. நான்காம் நாள் அந்த ஓரத்திலிருந்து பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. ஒரு நாள் வேலையும் அலுமினியக் கம்பியும் வீண். அன்றிலிருந்து முகத்தில் கை பட்டால் உறையை மாற்றாமல் நானும் தொடுவதில்லை, யாரையும் தொட விடுவதும் இல்லை.

6. பெல் ஜாருக்குள் பூச்சு படியும் எல்லா இடத்திலும் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள். நாலைந்து முறை பூசியதும் உரித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள். சுவரைச் சுரண்டுகிற அரை நாள் வேலை பத்து நிமிஷத்தில் முடியும்.

7. ஆனால் அந்தத் தாளையே கத்தரித்துப் பூச்சுக்கு ஆவியாக்கிவிடாதீர்கள்! சமையலறைத் தாளில் இரும்பும் சிலிக்கானும் கலந்திருக்கும். 99.99 சதவீதச் சுத்தமுள்ள கம்பிதான் வாங்க வேண்டும். விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம், தேவைப்படுவது அத்தனை கொஞ்சம். காவலூரின் 2.34 மீட்டர் ஆடியில் 100 நானோமீட்டர் கனத்துக்குப் பூச்சு இருந்தால், அந்த முழு முகத்திலும் ஒட்டியிருக்கும் அலுமினியத்தின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஒரு மூக்குத்தி எடைதான். கலத்தின் சுவரில் போய்ப் படிவது தனிக் கணக்கு.

8. அலுமினியத்தை ஆவியாக்கும் டங்ஸ்டன் ஃபிலமென்ட் ஒருமுறை சூடேறிவிட்டால் பிறகு கண்ணாடிக் குச்சி மாதிரி முறியும். வளைத்துச் சரிசெய்ய வேண்டியதையெல்லாம் புதிதாக இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள்.

9. கம்பித் துண்டுகள் உருகி ஃபிலமென்டை நனைத்துக்கொள்ளும் வரை, ஆடிக்கு முன்னால் உள்ள ஷட்டர் மூடியே இருக்கட்டும். அழுக்கு முதலில் போய்விடும். அப்புறம் ஷட்டரைத் திறந்து சட்டென்று ஆவியாக்கி முடியுங்கள். மெதுவாக இழுத்தால் மிச்சமிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அலுமினியம் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு மங்கலாகப் படியும்.

10. ஒவ்வொரு முறையும் ஆடியின் பக்கத்தில் ஒரு மைக்ராஸ்கோப் ஸ்லைடு வையுங்கள். செல்லோ டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பது, கீறிப் பார்ப்பது எல்லாம் அதன்மேல்தான். ஆடியின்மேல் யாரும் கை வைக்க வேண்டாம்.

11. கரன்ட் போனால் பதற வேண்டாம். முதலில் கலத்துக்கும் டிஃப்யூஷன் பம்புக்கும் நடுவிலுள்ள பெரிய வால்வை மூடுங்கள், அப்புறம் ரோட்டரி பக்கம். பம்பைக் குளிரவைக்கும் தண்ணீரை மோட்டாரை நம்பி விடாமல் மாடித் தொட்டியிலிருந்து தானே இறங்குகிற மாதிரி ஒரு குழாய் போட்டுவிட்டால், கரன்ட் இல்லாத நேரத்திலும் ஓடும். பம்ப் ஆறும் வரை அது நிற்கக் கூடாது. பிளம்பருக்குக் கொடுத்த கூலி பம்ப் எண்ணெய்ச் செலவில் திரும்பி வந்துவிட்டது.

12. மழை நாளில் திறந்து வைத்த பெல் ஜாரும் மூடி போடாத முறுக்கு டப்பாவும் ஒன்றுதான். சுவரெல்லாம் ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு வெற்றிடம் இறங்கவே இறங்காது. எல்லாவற்றையும் வெளியே தயாராக அடுக்கிவைத்துக்கொண்டு கடைசியில் திறங்கள். உலர் நைட்ரஜன் சிலிண்டர் கட்டுப்படியாகாதவர்கள் சிலிக்கா ஜெல் நிரப்பிய பாட்டில் வழியாகக் காற்றை உள்ளே விடலாம். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள்.

13. இந்த மலைப்பக்கம் வானம் நன்றாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் ஆடியைக் கழற்றாதீர்கள்.

14. பெரிய ஆடியை மட்டும் பூசிவிட்டுச் சின்ன ஆடியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆளுக்கு 90 சதவீதம் திருப்பினால் இரண்டும் சேர்ந்து 81. இரண்டும் 80-க்கு மங்கிவிட்டால் கண்ணுக்கு வருவது 64தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த ஒளி விட்டுவிட்டு மங்கியதை வைத்துத்தான் வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அன்று அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று, அதன் ஒரு மீட்டர் தொலைநோக்கியில். அந்த மாதிரி வேலையில் ஒவ்வொரு சதவீதமும் காசு.

15. இனி போரான். நியூட்ரான் எண்ணும் கருவிகளில் பயன்படும் ஹீலியம்-3, 2009 வாக்கில் உலகெங்கும் தட்டுப்பாடானதிலிருந்து எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அலுமினியத்துக்குப் பழகிய ஃபிலமென்டை இதற்குத் தொடாதீர்கள். போரான் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் டங்ஸ்டனையே தின்றுவிடும். ஆர்கானில் ஸ்பட்டரிங் செய்வதுதான், அதாவது டார்கெட் என்னும் தட்டை ஆர்கான் அயனிகளால் அடித்து உதிர்த்துப் பூசுவதுதான் வழி.

16. போரான் கார்பைடு டார்கெட்டைப் புது மண்சட்டியைப் பழக்குகிற மாதிரி பழக்குங்கள். பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், இறக்குவதும் அப்படியே. எடுத்த எடுப்பில் ஏற்றினால் விரிசல் விழும், ஒரு டார்கெட்டின் விலை போய்விடும்.

17. நியூட்ரானைப் பிடிப்பது போரான்-10 மட்டும். இயற்கைப் போரானில் அது ஐந்தில் ஒரு பங்கு. கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரிலுள்ள போரானில்கூட அதே பங்குதான். செறிவூட்டிய போரான் ரொம்ப விலை. அதனால் ஒட்டுதல், கனம், சூடு எல்லாவற்றையும் இயற்கைப் போரான் டார்கெட்டிலேயே பழகி முடியுங்கள். வேதியியலில் இரண்டும் ஒன்றுதான், பூச்சுக்கு வித்தியாசமே தெரியாது. கை தேறிய பிறகு செறிவூட்டியதை எடுங்கள்.

18. கனமாகப் பூசினால் அதிகம் எண்ணும் என்று நினைப்பது வீண் செலவு. நியூட்ரான் பட்டு உடைந்ததும் கிளம்பும் ஆல்ஃபா, பூச்சுக்குள் 3 மைக்ரான் சொச்சம்தான் ஓடும், கூடவே கிளம்பும் லித்தியம் அதில் பாதி. அதற்குக் கீழே படிந்த போரானில் நியூட்ரான் சிக்கினாலும் சேதி வெளியே வராது. ஒன்றிலிருந்து மூன்று மைக்ரானுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

19. ஒரு அடுக்கு பிடிப்பது நேராக வரும் வெப்ப நியூட்ரான்களில் நூற்றுக்கு ஐந்து போலத்தான். அதிகம் வேண்டுமென்றால் அடுக்கைக் கூட்டுங்கள், அல்லது தகட்டைச் சாய்த்து வையுங்கள். வாழைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீளுமே, அதே கணக்கு. 10 டிகிரி சாய்வில் வரும் நியூட்ரானுக்கு ஒரு மைக்ரான் பூச்சு கிட்டத்தட்ட ஆறு மைக்ரானாகத் தெரியும். ஆல்ஃபா வெளியேற வேண்டிய கனமோ அதே ஒரு மைக்ரான்தான். ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் எழும் ஐரோப்பிய நியூட்ரான் மையத்துக்கு, இரண்டு பக்கமும் போரான் கார்பைடு பூசிய அலுமினியத் தகடுகளை வரிசையாக அடுக்கித்தான் கருவி செய்கிறார்கள்.

20. மெல்லிய தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பூசினால், பூச்சின் இறுக்கத்தில் அப்பளம் பொரித்த மாதிரி சுருண்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரே கனத்துக்குப் பூசிவிட்டால் இழுப்பு சமமாகித் தகடு நேராக நிற்கும். பூசும் முன் தகட்டை வெற்றிடத்திலேயே சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிடுங்கள். ஒட்டுவதும் நன்றாக ஒட்டும்.

21. கனம் அளக்கும் கருவி இல்லையா? தராசு போதும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகட்டைப் பூசும் முன்பும் பின்பும் எடை போடுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு மைக்ரான் போரான் கார்பைடு ஏறியிருந்தால் சுமார் 25 மில்லிகிராம் கூடும்.

22. எண்ணிக்கை வருகிறது, ஆனால் நியூட்ரான்தானா என்று சந்தேகமா? ஒரு மில்லிமீட்டர் காட்மியத் தகட்டைக் குறுக்கே வையுங்கள். வெப்ப நியூட்ரான் அதைத் தாண்டாது. எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் உங்கள் பூச்சு வேலை செய்கிறது. காட்மியம் நஞ்சு, வெறுங்கையால் தொடவோ அறுக்கவோ வேண்டாம்.

23. கலத்தைச் சுத்தம் செய்யும்போது உதிரும் கார்பைடுத் தூளை ஊதித் தள்ளாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

24. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதி, எவ்வளவு கம்பி, எந்த வெற்றிடம், மழையா வெயிலா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், பக்கத்திலேயே அன்றைய ஸ்லைடையும் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்படி மூன்று நோட்டுகள் சேர்ந்துவிட்டன. மேலே சொன்னதில் பாதி அவற்றிலிருந்து எடுத்ததுதான். உங்கள் கைப்பக்குவம் எதுவாக இருந்தாலும் எங்களுக்கும் எழுதுங்கள், நாலாவது நோட்டில் முதல் பக்கம் காலியாக இருக்கிறது.