சின்னவனுக்கு ஒரு சிவப்பு இன்ஜின்

அண்ணன் வீட்டுச் சின்னவன் பிறந்த நாளுக்குப் பழைய பொம்மை ரயில் ஒன்றை வாங்கி, பெயிண்ட் அடித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய் தங்கச்சி. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஒன்று மட்டும், மூன்று வாரம் முன்னாடியே வேலையைத் தொடங்கிவிடு. பெயிண்ட் அடிக்க ஒரு மணி நேரம் போதும், காயத்தான் நாள் பிடிக்கும். போன வருஷம் பெரியவனுக்கு அடித்ததை இரண்டே நாளில் கையில் கொடுத்துவிட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ராத்திரி தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான். காலையில் பார்த்தால் உறைத் துணியின் நெசவு ரயில் கூரையில் அப்படியே பதிந்திருந்தது. அவன் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போ. நம்ம திருவள்ளூர் லோக்கல் வண்டி போய் நிற்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் இருக்கிற இடத்தில்தான், 1985-ல் தீப்பிடிக்கும் வரை, பழைய சாமான்களுக்குப் பேர்போன அந்த மார்க்கெட் இருந்தது. அங்கே இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தால் தாம்பரம் வண்டி கிடைக்கும். கைப்பையில் புது பேட்டரி போட்டுக்கொண்டு போய், ஓட்டிப் பார்த்து வாங்கு. கீறல், வெளுத்த நிறம் எல்லாம் பரவாயில்லை, அதற்குத்தானே பெயிண்ட். சக்கரம் கோணியிருந்தால் மட்டும் விட்டுவிடு.

தகர ரயில் அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டினால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரி 1 முதல்தான். அந்த முத்திரை உள்ள பிளாஸ்டிக் ரயிலாகத் தேடு. இன்னொன்று, மாப்பிள்ளை கம்பெனியில் மிச்சமான பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து தருகிறேன் என்பார். நம்ம ஏரியாவில் பாதி வீடுகளில் அப்படி ஒரு டப்பா இருக்கும். அதைத் தொடாதே. ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று 2017 நவம்பரில் அமலுக்கு வந்த விதி வீட்டுப் பெயிண்டுக்குத்தான், தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இல்லை. ‘ஈயம் சேர்க்காதது’ என்று டப்பாவில் போட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாங்கு.

கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள். பேட்டரியை எடுத்துவிட்டு, கழற்றுகிற ஸ்க்ரூக்களை வரிசைப்படி இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வை. மோட்டார் உள்ள அடிப்பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மேல் கூட்டை மட்டும் பாத்திர சோப்புப் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. கை எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. தின்னர் பக்கமே போகாதே, பிளாஸ்டிக் இளகிவிடும். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, பளபளப்பு போகிற அளவுக்கு லேசாகத் தேய். கழுவிக் காய்ந்ததும் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கை. சக்கரத்துக்கும் அச்சுக்கும் பெயிண்ட் படக் கூடாது.

நிறம்தான் முக்கியம். நம்ம மணவாள நகர்ப் பிள்ளைகளை ஏமாற்ற முடியாது, ஸ்டேஷனில் நின்று ஒவ்வொரு வண்டியையும் பார்த்து வளர்கிறவர்கள். இன்ஜின் என்றால் சிவப்பில் கிரீம் பட்டை. முதலில் கிரீமை அடித்து நன்றாகக் காயவிட்டு, பட்டை வர வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டு, ஓரத்தை நகத்தால் அழுத்து. அப்புறம் சிவப்பு. கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட மெல்லிசாக மூன்று தடவை மேல். கடைசிக் கை முழுசாக இறுகுவதற்குள் டேப்பைச் சாய்வாக உரி, கோடு கத்தி மாதிரி வரும்.

பெட்டிகளுக்கு நீலம் அடி என்பேன். எனக்கு அந்த நீலத்தின்மேல் தனிப் பிரியம். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-லிருந்து கட்டிவந்த பழைய வகைப் பெட்டி 2018-ல் நின்றுபோனது. இப்போது பெரும்பாலும் வருவது சிவப்பும் சாம்பலுமான எல்.எச்.பி. பெட்டிகள். சின்னவன் வளர்வதற்குள் நீலப் பெட்டியைப் பார்ப்பதே அரிதாகிவிடும். பெட்டி நம்பரில் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வருஷம், தெரியுமா? அவன் பிறந்தது 2019. அதனால் 19-ல் ஆரம்பித்து, பின்னால் பிறந்த தேதியைச் சேர்த்து வெள்ளையில் எழுது. ஒரு தீப்பெட்டி அட்டையில் மஞ்சள் அடித்து, கறுப்பில் ‘திருவள்ளூர்’ என்று எழுதினால் ஸ்டேஷன் போர்டும் ஆச்சு.

மழை நாளில் அடிக்காதே, ஈரக் காற்றில் சரியாகக் காயாமல் பிசுபிசுப்பு நிற்கும். லாரிப் புழுதி கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே மாடியில் அடித்து, பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மூடிவிடு. பத்து நாள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார், வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. மாட்டும்போது பேட்டரி மூடியின் ஸ்க்ரூவை இறுக்கமாகப் போடு, அண்ணன் வீட்டுக் கைக்குழந்தை எதையும் வாயில் போடுகிற வயசு.

மிச்ச சிவப்பை ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி, மேலே ‘பெயிண்ட்’ என்று எழுதி அண்ணியிடம் கொடு. முதல் வாரத்திலேயே இன்ஜின் கட்டிலிலிருந்து விழும்.